சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்காரர்

கல்யாண வேலைக்குப் போகும் நாட்களில் அவள் காரில் வைத்துத்தான் மெட்டி போட்டுக்கொள்வாள். மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏதாவது ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்துவேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி முன்னால் வைத்து, இரண்டு கால் விரலிலும் மெட்டியை நெருக்கி மாட்டுவாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து வகிட்டில் குங்குமம். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது. ஐயர் இல்லை, மேளம் இல்லை, சாப்பாடு இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வேலை முடிந்து திரும்பும்போது அதே பெட்ரோல் நிலையத்தில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கித் தின்போம்.

அவளும் நானும் ஈப்போவில் ஒரே வீட்டில் பல வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். கல்யாணம் செய்துகொள்ள முடிந்திருந்தால் செய்துகொண்டிருப்போம். பக்கத்து வீடுகளில் நாங்கள் பெரியம்மா மகளும் சித்தி மகளும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்காருவது என் வேலை. அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு. சனி ஞாயிறு வந்தால் கல்யாண வேலை. வரிசைத் தட்டுகளை அலங்கரிப்பது என் பொறுப்பு, மணப்பெண்ணுக்குச் சேலை கட்டுவது அவள் பொறுப்பு.

சம்பளத்துக்கு மேல் இப்படி ஒரு வேலை எதற்கு என்று கிளினிக்கில் கேட்பார்கள். பிள்ளையா குட்டியா, ஒண்டிக்கட்டைக்கு என்ன செலவு என்பார்கள். செலவு இல்லைதான், பயம் இருக்கிறதே. புருஷன் உள்ளவளுக்கு அவன் சேமநிதி இருக்கிறது, அவன் பேரில் ஒரு வீடு இருக்கிறது, நகை இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளைக்கு வந்து பார்க்க ஒரு பிள்ளை இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? வாடகை வீட்டுக்காரர் ஒருநாள் சந்தேகப்பட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வங்கியில் போய் இருவர் பேரிலும் கடன் கேட்டோம். எதிரில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் உடன்பிறந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த எங்களைப் போன்ற பெண்கள் யாரும் ஒரே வேலையோடு இல்லை. ஒருத்தி விடியலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்கிறாள், இன்னொருத்தி தொழிற்சாலை விட்டு வந்து வாடகைக் கார் ஓட்டுகிறாள். பேராசை பிடித்துப் போய் அலைகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு நாக்கில் கெட்ட வார்த்தைதான் வரும்.

எங்களுக்குத் தட்டும் சேலையும் வாய்த்தது. அவள் கை அப்படி. ஆறு கஜப் பட்டுச் சேலையை முதல் நாளே மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்தி ஒரு சட்டை மாதிரி மடித்து வைத்துவிடுவாள். காலையில் பெண்ணுக்குச் சுற்றிவிட வேண்டியதுதான். நான் ஆப்பிளுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவேன், லட்டைக் கோபுரமாக அடுக்குவேன், தேங்காய்க்கு ஜரிகை சுற்றுவேன், எல்லாவற்றையும் வலைத்துணியில் கட்டி ரிப்பன் போடுவேன். சாக்லெட் தட்டுதான் என் பரம எதிரி. ஈப்போ வெயிலில் அது மண்டபம் போய்ச் சேருவதற்குள் குழம்பாகிவிடும்.

மெட்டியும் குங்குமமுமான அந்தப் பொய் எங்களைத் தேடி வந்த பொய். ஆரம்பத்தில் கம்பாரில் ஒரு கல்யாணம். மணப்பெண் அறை வாசலில் பெண்ணின் பெரியம்மா கையைக் குறுக்கே நீட்டி எங்களை நிறுத்தினார். கூறைச் சேலையைச் சுமங்கலிதான் கட்டிவிட வேண்டும், அவர்கள் வீட்டு வழக்கம் அது. என்னை அவர் கேட்கவே இல்லை. நான் முடியை ஒட்ட வெட்டி, சட்டையும் கால்சட்டையும் போட்டிருப்பவள். மூட்டை தூக்க வந்த ஆள் என்று நினைத்திருப்பார். அவளைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணம் ஆனவதானேம்மா நீ?"

உள்ளே பெண் பாவாடையோடு காத்திருக்கிறாள், வெளியே நாதஸ்வரம் கேட்கிறது. அவள் ஆமாம் என்றாள். வீட்டுக்காரர் எங்கே என்று அடுத்த கேள்வி. சிங்கப்பூரில் என்றாள். அந்த அம்மாள் உடனே வழி விட்டார். பேராக் மாநிலத்தில் பாதி வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில்தானே வேலை பார்க்கிறார்கள். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மறுவாரம் ஈப்போவில் கடைக்குப் போய் மெட்டி வாங்கினோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். நாங்கள் ஒரே பொய்யை வைத்துக்கொண்டு எத்தனையோ கல்யாணம் செய்தோம். அந்த மனிதர் எங்களுக்கு மெல்ல மெல்லப் பழகிப்போனார். ஒரு கல்யாண வேலையைத் தட்டிக்கழிக்க வேண்டும் என்றால் அவருக்கு லீவு கிடைத்து வருகிறார் என்போம். யாராவது கூலியைக் குறைக்கப் பேரம் பேசினால் அவருக்கு ஓவர்டைம் நின்றுவிட்டது என்போம். ஒருமுறை அவருக்குச் சிறுநீரகக் கல் கூட வந்தது. வீட்டில் நான் பாத்திரம் கழுவாமல் விட்டால், சிங்கப்பூர்க்காரராக இருந்தால் கழுவி வைத்திருப்பார் என்று என்னைச் சீண்டுவாள். அவர் மாதாமாதம் பணமும் அனுப்புவதில்லை, அவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்பேன். அப்போது எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

அவள் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டு செம்பனை நட்டபோது தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குடும்பம் பக்கத்திலேயே ஒரு மலிவு விலைத் தாமான் குடியிருப்புக்கு வந்தது. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா காட்டு வேலைக்கு லாரி ஏறிப் போக, தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியபோது காரணம் கேட்டார்கள். இவள் மறைக்காமல் என்னைப் பற்றிச் சொன்னாள். நீ என் வயிற்றில் பிறந்தவள் இல்லை என்று அம்மா கதவைச் சாத்திவிட்டார். ஒரு பையோடு பஸ் ஏறி ஈப்போ வந்தவள் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் பணம் மட்டும் அந்த வாசலுக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது. தம்பி ஈப்போவில் ஒரு தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தபோது எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கினான். தட்டிலும் சேலையிலும் வந்த காசு அவன் படிப்புக்குப் போனது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடு என்று அவள் அவன் கையில் வைத்து அனுப்புவாள். அம்மா யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். பணத்துக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருக்கத் தேவையில்லை போலிருக்கிறது. அந்தப் பையனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். வாய் நிறைய அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவான். எங்கள் அறை ஒன்று, கட்டில் ஒன்று என்பது தெரிந்தும் ஒன்றும் கேட்காத பையன். அதனால் அவன் மேல் எனக்குப் பாசம் அதிகம்.

அவன் தாப்பாவில் ஒரு பெண்ணை விரும்பினான். இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனபோது அவன் அம்மாவும் போனார். பேச்சோடு பேச்சாகப் பெண்ணின் அம்மா, உங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லையா என்று கேட்டிருக்கிறார். தம்பி கைப்பேசியில் அக்காவின் படத்தைக் காட்டினான். அந்த அம்மாள் படத்தைப் பார்த்ததும் இந்தப் பெண்ணா என்று வியந்துபோயிருக்கிறார். சேலை கட்டுகிற பெண்தானே இது, எங்கள் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு வந்ததே, என்ன கைராசி, வீட்டுக்காரர் கூட சிங்கப்பூரில் இருக்கிறாரே என்று அடுக்கிக்கொண்டே போனாராம். தம்பிக்கு வியர்த்துவிட்டது. அவன் அம்மாவுக்கு ஒரு நொடி கூடத் தேவைப்படவில்லை. ஆமாம், அவள்தான் என் மூத்தவள் என்றாராம்.

தம்பி இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவள் சமையலறையில் நின்றபடி அழுதாள். எத்தனை வருஷம் கழித்து அம்மா வாயிலிருந்து மூத்தவள் என்ற வார்த்தை வந்திருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. பெற்ற மகளை வேண்டாம் என்ற அம்மாவுக்கு இல்லாத மருமகனைப் பிடித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அம்மாவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி என்று எதுவும் இல்லை.

"கார்டு அடிக்கக் கொடுக்கணும். அவரு பேரு என்னன்னு சொல்லி வெச்சிருக்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை காலத்தில் அந்த மனிதருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். அதிலிருந்த சாமி பெயரையே சொன்னாள். நல்ல பேராத்தான் இருக்கு என்றார் அம்மா. பிறகு கல்யாண நாளைச் சொல்லி, தட்டும் சேலையும் நீங்களே செய்துவிடுங்கள், தாலி முடிச்சு நீதான் போட வேண்டும் என்றார்.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவனுடைய சகோதரிதான் போட வேண்டும். அக்கா தங்கை இல்லாதவன் பெரியப்பா மகளையாவது கூப்பிட்டு வருவான். தூக்கி வளர்த்த தம்பிக்கு நாத்தனார் முடிச்சுப் போடும் நாள் என்று ஒன்று வருமா, வந்தாலும் தன்னைக் கூப்பிடுவார்களா என்று அவள் பல தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். நகை, வீடு எதற்கும் அவள் ஏங்கிப் பார்த்ததில்லை. இந்த முடிச்சுக்கு ஏங்கினாள். அது இப்போது அவள் கைக்கு வந்துவிட்டது, கூடவே சிங்கப்பூர்க்காரரும் வந்துவிட்டார்.

நான் சண்டை போட்டேன். அவள் தம்பி கல்யாணத்துக்கு அவளோடு போக வேண்டியவள் நான்தானே. மேடையில் ஏற்ற வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம், மண்டபத்தில் குடும்பத்தோடு ஒரு நாற்காலியில் உட்காரும் உரிமை கூட எனக்கு இல்லையா? அந்த ஆளை இத்தோடு ஒழித்துவிடு என்றேன். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல், இல்லை, கார் அடிபட்டுச் செத்துவிட்டார் என்று சொல், எனக்கு எதுவானாலும் சரி.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"செத்துட்டாருன்னு சொன்னா நான் யாரு? தாலியறுத்தவள எந்தக் கல்யாண வீட்டுல பொண்ணு ரூமுக்குள்ள விடுவாங்க? விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொன்னா மட்டும் விடுவாங்களா?"

அவள் சொன்னது உண்மைதான். அவர் செத்தால் எங்கள் தொழிலும் அவரோடு போய்விடும். வீட்டுக்கென்று நாங்கள் சேர்க்கிற காசுக்கு, அவள் தம்பிக்கு முடிச்சுப் போடுவதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த மனிதர் தீர்க்காயுசாக இருந்தாக வேண்டும். சும்மா ஒரு பெரியம்மா வாயை அடைக்கக் கொண்டுவந்த ஆள், கடைசியில் எங்கள் வீட்டுக்கு எஜமானன் மாதிரி ஆகிவிட்டார்.

அழைப்பிதழ் தபாலில் வந்தது. மஞ்சளும் சிவப்புமாக நல்ல தடித்த அட்டை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்த நாள்காட்டிப் பெயர் அச்சாகியிருந்தது, சிங்கப்பூர் என்ற அடைமொழியோடு. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறக்காத ஒருவன் குடும்பத்து அட்டையில் ஏறிவிட்டான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறவளும் மாதவிடாய் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறவளும் நான். என் பெயரை அச்சில் போடு என்று நான் யாரையும் கேட்டதில்லை. இருந்தாலும் அன்று அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

கல்யாணம் தாப்பாவில் ஒரு மண்டபத்தில். தட்டுகளுக்கு நான் உயிரைக் கொடுத்தேன். கோபத்தில் செய்யும் வேலை எனக்கு எப்போதுமே நன்றாக வரும். வெற்றிலையை மயில் தோகையாக அடுக்கினேன். சாக்லெட் தட்டை ஐஸ் பெட்டியில் வைத்து, வழி முழுக்கக் குளிர்சாதனத்தை உச்சத்தில் ஓடவிட்டேன். அவள் பல் கிட்டிக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டாள். கம்பாரில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். அன்று அவள் மெட்டியை முன்பே வீட்டில் போட்டு வந்திருந்தாள். குங்குமம் மட்டும் வைத்துக்கொண்டாள்.

மணப்பெண் நல்ல பிள்ளை. இவளை அண்ணி அண்ணி என்று ஒட்டிக்கொண்டது. முகூர்த்தச் சேலையைக் கட்ட மேடையிலிருந்து அறைக்கு வந்தபோது நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். ரொம்ப மெலிந்து போயிருந்தார். மகளின் கால்களைத்தான் முதலில் பார்த்தார், பிறகு வகிட்டை. விரல் நுனியால் குங்குமத்தைச் சரிசெய்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அம்மா கை படுவது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா பிறகு என் பக்கம் திரும்பாமலே மகளிடம் சொன்னார்.

"தாலி கட்டுறப்ப இந்தப் பிள்ள முன்னுக்கு வர வேணாம். சம்பந்தி வீட்டாளுங்க யாரு எவருன்னு கேப்பாங்க. பின்னுக்கே இருக்கட்டும்."

அவள் பெண்ணின் கொசுவத்தைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். இவள் என் கூடவே இருக்கட்டும் அம்மா, எனக்கு உதவிக்கு வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளா அவள்?

"சரிம்மா" என்றாள்.

நான் கிளிப் டப்பாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போனேன். அங்கே பரிமாறும் ஆட்கள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருக்கா, பசியாறியாச்சா என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அன்று முழுவதும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கெட்டி மேளம் அடித்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நானும் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன்.

எனக்கு அவள் அம்மா மேல் அவ்வளவு கோபம் இல்லை. அவர் அந்த லயத்தில் பிறந்து அந்தக் கோயிலையும் அந்த வாய்களையும் பார்த்து வளர்ந்தவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தவர். அவர் வேறு என்ன செய்வார் என்று எனக்கும் தெரியாது. என் கோபமெல்லாம் அந்தச் சரிம்மாவின் மேல்தான். அது யோசிக்காமல், தடுமாறாமல் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு காலித் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணின் அம்மா மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. நல்ல மனுஷி. தட்டு ரொம்ப அழகு, எல்லாரும் படம் எடுத்தார்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பையை நீட்டினார்.

"இது உங்க அக்கா வீட்டுக்காரருக்கு. வேட்டியும் சட்டையும். மாப்பிள்ளையோட அக்கா புருஷனுக்கு மரியாதை செய்யாம விடக்கூடாதுலா. அவரு வர முடியல, நீயே பத்திரமா சேத்துரும்மா."

சேர்த்துவிடுகிறேன் என்றேன். வாங்கி முன்சீட்டுக்கு அடியில் வைத்தேன். ஐயோ பாவம், அவர் சரியான ஆளிடம்தான் கொடுத்தார். அது அவருக்குத்தான் தெரியவில்லை.

திரும்பும் வழி முழுக்க அவள்தான் பேசினாள். மணப்பெண்ணைப் பற்றிச் சொன்னாள், தம்பி முடிச்சுப் போடும்போது திரும்பி அவளைப் பார்த்து அழுததைச் சொன்னாள், அம்மா அவள் இலையில் தன் கையால் பாயசம் ஊற்றியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஒரு சின்னப் பெண்ணுடையது போல ஆனது. நான் ம் கொட்டினேன். நீ அங்கே இல்லாமல் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது என்றும் சொன்னாள். அப்படியானால் ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். வேண்டாம் என்றால் அம்மா முடிச்சை வேறு யாரையாவது போடச் சொல்லியிருப்பார் என்றாள். அதுவும் உண்மைதான். உண்மை என்பதாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் குளிக்கப் போனாள். நான் பையைப் பிரித்தேன். பட்டுக்கரை வேட்டி, சந்தன நிறச் சட்டை. நல்ல துணி, எங்கள் கூலியில் பாதியாவது அதன் விலை இருக்கும். நான் என் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கோபம்தான். கண்ணாடி முன் நின்றேன். தோளில் தொளதொளவென்று இருந்தது, கை நீளம். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். காலை முதல் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கிட்டே வந்து, கையை மடித்துவிட்டு, காலரைச் சரிசெய்தாள். அழகா இருக்கே என்றாள். எனக்கும் கோபம் பாதி இறங்கியது.

அப்போது தம்பி கூப்பிட்டான். மாலை மறுவீட்டுக்காகப் பெண் வீட்டில் இருந்தான். பின்னால் பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பொத்தானைப் போட்டுவிட்டாள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டான். சேர்ந்தோம் என்றாள். நான் இருப்பதும் அவனுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் போன் பேசினால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் என்பதும் தெரியும். அந்த முன்னறையில் இருந்தவன்தானே.

"அக்கா, இங்க அத்தை பக்கத்துல இருக்காங்க. அத்தானுக்கு சட்டை அளவு சரியா இருக்குமான்னு கேக்குறாங்க. மாத்தணும்னா மாத்தலாம், கடை தெரிஞ்ச கடைதானாம்."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அத்தான் என்றான். அவனும் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் குறும்பு இருந்தது, கொஞ்சம் ஈரமும் இருந்தது.

"தோள் கொஞ்சம் லூசுடா. பரவால்ல, போட்டுக்கிட்டாரு. நல்லா இருக்காருன்னு சொல்லு."

அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா சந்தோஷமாக ஏதோ சொல்வது கேட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லு என்றான் தம்பி. வைத்துவிட்டான். என்னைக் கேட்டதாக அவன் சொல்லவில்லை.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். எனக்கு ஏதோ கொடுத்துவிட்ட மாதிரி, என் காலரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னப் பத்திதானே சொன்னேன்" என்றாள். "இதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?"

இதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அவள் மனசில் கள்ளம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் அட்டையில் பெயர் அவனுக்கு, பட்டு வேட்டி அவனுக்கு, சம்பந்தி வீட்டு மரியாதை அவனுக்கு, நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன் வாயில் அத்தான் என்ற சொல்லும் அவனுக்கு. இப்போது என் தோளையும் அவள் அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

நான் அவள் கையை விலக்கி, சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"மடிச்சு வை. அவரு வந்தா போட்டுக்கட்டும்."

அவள் அதைக் கட்டிலில் விரித்து, சுருக்கம் நீவி, கை இரண்டையும் பின்னால் மடக்கி, கடையில் மடித்ததைப் போலவே மடித்து வைத்தாள்.